கையை உயர்த்துவதற்கு முன் ஒரு நிமிடம்!

உங்கள் மகள் பாடசாலை விட்டு வருகிறாள். புத்தகப் பைக்குள் கையை விட்டு, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டுகிறாள். "பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டமும் புதிய நிர்வாகக் குழுத் தெரிவும். பெற்றோர் அனைவரும் தவறாது சமுகமளிக்கவும்." கீழே அதிபரின் கையொப்பம், பக்கத்தில் முத்திரை.

அந்தத் தாளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அடுப்படியில் வேலையாக இருந்தால் "அங்க வை, பிறகு பார்க்கலாம்" என்கிறீர்கள். அது குளிர்சாதனப் பெட்டியின் மேலோ அரிசி வாளியின் மூடியிலோ கிடந்து, கூட்டம் முடிந்த மறுநாள் குப்பைக்குப் போகிறது. பிறகு வருடம் முழுவதும் "மலசலகூடம் சரியில்லை, கணித டீச்சர் இல்லை, எதற்கெடுத்தாலும் பணம் கேட்கிறார்கள்" என்று பக்கத்து வீட்டாரிடம் குறைப்படுகிறோம். குறையைச் சொல்ல வேண்டிய இடத்துக்கான அழைப்பிதழ்தான் அந்தத் தாள் என்பது நமக்கு நினைவு வருவதில்லை.

சகோதரிகளே, பாராளுமன்றத் தேர்தலைப் பற்றி நாம் மாதக் கணக்கில் பேசுகிறோம். பிரதேச சபைத் தேர்தல் வந்தால் சுவரெல்லாம் படம். ஆனால் நம் பிள்ளை நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் இருக்கும் இடத்தின் நிர்வாகத்துக்கு நடக்கும் தேர்தல், சுவரொட்டியும் இல்லாமல், பேச்சும் இல்லாமல், அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கூட்டத்தின் காட்சி

ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் எந்தத் தமிழ்மொழிப் பாடசாலையில் வேண்டுமானாலும் இந்தக் காட்சியைக் காணலாம். காலை ஒன்பதரைக்கு என்று போட்ட கூட்டம் பத்தரைக்குத் தொடங்குகிறது. முன்வரிசைக் கதிரைகளில் பஸாரில் கடை வைத்திருப்பவர்கள், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், ஒன்றிரண்டு பழைய மாணவர்கள். பின்னால் வாங்குகளில் தாய்மார். இன்னும் சிலர் வாசற்படியோடு நிற்கிறார்கள், எந்த நேரமும் திரும்பிப் போக ஆயத்தமாக.

அறிக்கை வாசிக்கப்படுகிறது. கணக்கு வாசிக்கப்படுகிறது, வேகமாக. "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" மௌனம். "அப்படியென்றால் புதிய குழுவைத் தெரிவு செய்வோம்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து ஒரு பெயரை முன்மொழிகிறார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வழிமொழிகிறார். பத்து நிமிடத்தில் சென்ற வருடப் பட்டியலே இந்த வருடப் பட்டியலாகிறது. "உங்களில் யாராவது வரலாமே" என்று அதிபர் பின்வரிசையைப் பார்த்துக் கேட்டால், ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "நீங்களே பாத்துப் போட்டுக்கங்க சேர், நாங்க வேணாம்னா சொல்லப் போறோம்?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். கை உயர்கிறது. கூட்டம் முடிகிறது.

இதில் குற்றவாளி யாரும் இல்லை. முன்வரிசைக்காரர் பலர் நல்லவர்கள். சொந்தக் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். ஆனால் பின்வரிசையின் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்பது முன்வரிசைக்கு எப்படித் தெரியும்? அதுதான் கேள்வி.

துரையின் பள்ளிக்கூடம்

பின்வரிசை ஏன் பேசுவதில்லை என்பதை அறியக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

தோட்டப் பாடசாலை என்பது நீண்ட காலம் துரையின் பாடசாலையாக இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மீது வைத்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக் கூடாது என்றும் அது சொன்னது. சற்று யோசித்துப் பாருங்கள்! பத்து மணிக்குப் பிறகு எடுக்கலாம் என்பதுதானே அதன் மறுபக்கம்?

பெரும்பாலும் ஒரே ஒரு மண்டபம், ஒரே ஓர் ஆசிரியர். அவருக்குச் சம்பளம் தருவது தோட்டம். கட்டடம் தோட்டத்துடையது. பெற்றோர் அந்தத் தோட்டத்தின் கூலிகள். இந்த ஏற்பாட்டில் ஒரு தகப்பன் எழுந்து, "என் பிள்ளைக்கு ஏன் எழுத்து வரவில்லை?" என்று யாரிடம் கேட்பது?

1945இல் இலவசக் கல்வி வந்தது. கண்டியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை போக வழி திறந்தது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகளோ வெளியே நின்றன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பிறகே, 1977க்கும் 1980க்கும் இடையில், தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கப் பாடசாலைகளாயின. பின்னர் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கக் கொட்டகலை, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது.

நாட்டின் மற்றப் பகுதிகளை விட ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தி வந்தது மலையகத்தின் பாடசாலை. பின்வரிசையில் இருக்கும் அந்தத் தாயின் தாய் படித்தது துரையின் பள்ளியில். "நீங்களே போட்டுக்கங்க" என்ற வார்த்தை அங்கிருந்து வருகிறது.

வாக்கு பறிபோன கதை

இன்னொன்றும் உண்டு. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையக மக்கள் தங்கள் வாக்கால் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் என்று, பிரஜாவுரிமைப் பிரச்சினை முடிவுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

வாக்களித்துப் பழகாத ஒரு சமூகம் கை உயர்த்தத் தயங்குவதில் வியப்பென்ன?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உங்களுக்கு இடம் கிடைப்பது நீங்கள் இந்த மாவட்டத்தின் வாக்காளர் என்பதால் அல்ல. உங்கள் பிள்ளை அங்கே படிக்கிறது என்பதால். கூலி வேலை செய்பவரும் வைத்தியரும் அங்கே ஒரே தகுதியில் நிற்கிறார்கள்: பெற்றோர் என்ற தகுதியில். அந்த உரிமையை எவரும் எடுத்துவிடவில்லை. நாம்தான் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறோம்.

சங்கம் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொல்கிறேன். அதிபர், ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் சேர்ந்தது சங்கம். தலைவர் பதவி அதிபருக்கு உரியது. அதற்குத் தேர்தல் இல்லை. நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கான இடங்களுக்கே பொதுக்கூட்டத்தில் தெரிவு நடக்கிறது.

பெற்றோரைப் பாடசாலை நிர்வாகத்தோடு சேர்க்க அரசாங்கம் பல முறை முயன்றிருக்கிறது. 1993இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென 8ஆம் இலக்கச் சட்டமே வந்தது. அந்த ஏற்பாடு நிலைத்து நிற்கவில்லை. 2006 முதல் வந்த பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், பாடசாலை மட்டத்திலேயே திட்டமிட்டு முடிவெடுக்கும் குழுக்களில் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் இடம் கொடுத்தது. பெயர்கள் மாறின, சுற்றுநிருபங்கள் மாறின. மாறாதது ஒன்று: அந்தக் கதிரையில் உட்கார ஒரு பெற்றோர் முன்வர வேண்டும்.

அந்தக் கதிரை வெறும் அலங்காரமா? இல்லை. எந்த வேலை முதலில், கூரையா மலசலகூடமா தண்ணீர்த் தாங்கியா என்பது அங்கே பேசப்படுகிறது. பெற்றோரிடம் பணம் சேர்ப்பதா, எவ்வளவு, முடியாதவரை என்ன செய்வது என்பது அங்கே பேசப்படுகிறது. பாடசாலைக்குப் பின்னால் உள்ள மண்மேடு பாதுகாப்பானதா என்று யாருக்கு எழுதுவது என்பதும் அங்கேதான். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியோடு மலையகத்தில் சரிந்த மண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும்.

தாய்மார் ஏன் எழுந்து நிற்பதில்லை?

"அக்கறை இல்லை" என்று சொல்வது எளிது. அது பெரும்பாலும் பொய்.

கொழுந்து எடுக்கும் தாய் காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும். கிழமை நாளில் ஒன்பதரைக்குக் கூட்டம் என்றால் அவருக்கு அன்று பேர் இல்லை, அல்லது அரைப்பேர்தான். பாடசாலைக் கூட்டத்துக்கு வருவதற்கு நமக்கு நேரம்தான் செலவு. அவருக்கோ அன்றைய சம்பளமே செலவு!

கடைக்காரத் தகப்பன்மாருக்கு வேறு சங்கடம். வெள்ளிக்கிழமை பகல் கூட்டம் போட்டால் நம் வீட்டு ஆண்கள் ஜும்ஆவை விட்டு வர முடியாது. அன்றைய தினம் முஸ்லிம் பெற்றோர் வரவில்லை என்று யாரும் குறைசொல்லவும் முடியாது. நம்முடைய அந்த நியாயம் நமக்கு நன்றாகப் புரிகிறது. கொழுந்து எடுக்கும் தாயின் நியாயமும் அதே அளவு நமக்குப் புரிய வேண்டாமா?

கூட்டத்தின் நேரத்தைக் குறிப்பவர் பாதித் தேர்தலை முடித்துவிடுகிறார். ஆகவே முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: தோட்டத்தில் வேலை இல்லாத ஞாயிறு, அல்லது மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு ஒரு மாலை வேளை. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதிபரிடம் நான்கு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டால் போதும்.

அடுத்தது மொழி. "பிரேரணை", "ஏகமனதாக", "கூட்டறிக்கை" என்ற சொற்கள் பலரை வாசலோடு நிறுத்திவிடுகின்றன. சென்ற கூட்டத்தில் பேசியதை எழுதி வைத்த தாள் என்று சொன்னால் யாருக்குப் புரியாது? மூன்றாவது வெட்கம். "எனக்கு எழுத்து வராது, நான் எப்படிக் குழுவில் இருப்பது?" என்பார்கள். எழுதுவது செயலாளரின் வேலை. தண்ணீர்க் குழாய் இல்லாததால் தன் மகள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து வருகிறாள் என்று சொல்ல எழுத்து எதற்கு?

வெளியூர்களில் எப்படி?

தமிழ்நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம். 2022இல் தமிழ்நாட்டில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தபோது தலைமைப் பொறுப்பே தாய்மாரிடம் கொடுக்கப்பட்டது. வாசல் திறந்திருக்கிறது என்று சொல்வதோடு நில்லாமல், உள்ளே கதிரையும் போட்டு வைத்தார்கள்.

நியூயோர்க் நகரின் அனுபவமோ எச்சரிக்கை. அங்கே 1970 முதல் வட்டாரப் பாடசாலைச் சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. பிரஜாவுரிமை இல்லாத குடியேறிகளும் பிள்ளை படித்தால் வாக்களிக்கலாம் என்ற நல்ல ஏற்பாடு. ஆனால் வாக்களிக்க வந்தவர் மிகச் சிலர். யாரும் வராத தேர்தலில் ஒழுங்கமைந்த சிறு கூட்டம் ஒன்று எளிதில் வென்றுவிடும். அப்படியே பல சபைகள் கட்சிக்காரர் கைக்குப் போய், ஊழல் புகார்களும் எழுந்தன. 2002இல் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. உரிமை இருந்தும் பயன்படுத்தாதவர்களிடமிருந்து அதை எடுத்துவிடுவது எத்தனை சுலபம்!

நம் நாட்டிலேயே நமக்கொரு முன்மாதிரி உண்டு. கண்டியில் பிறந்த சித்திலெப்பை அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊரூராகச் சொன்னார். 1892இல் மருதானையில் தொடங்கி, ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை, வாப்பிச்சி மரிக்கார் போன்றோர் சேர்ந்து எழுப்பியது. அரசாங்கம் வந்து தரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் பிள்ளைகளின் பாடசாலைக்கு நாமே பொறுப்பு என்று நினைத்தார்கள்.

யாரைத் தெரிவு செய்வது?

பெயர் முன்மொழியப்படும்போது மனதுக்குள் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

அவருடைய பிள்ளை இந்தப் பாடசாலையில் படிக்கிறதா? தன் பிள்ளையைப் பட்டணத்துப் பெரிய கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, இங்கே குழுவில் இருப்பவருக்கு நல்ல மனம் இருக்கலாம். ஆனால் மழையில் ஒழுகும் வகுப்பறையில் அவர் பிள்ளை இல்லை.

சென்ற வருடம் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்? இது கேட்கக் கூடாத கேள்வி அல்ல. வருகைப் பதிவேடு இருக்கும்.

பணம் கட்ட முடியாத பெற்றோரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்? "இவங்க எப்பவுமே இப்படித்தான்" என்பவரைவிட "அவங்களுக்குத் தவணை கொடுப்போம்" என்பவரே நமக்கு வேண்டும்.

கட்சியின், தொழிற்சங்கத்தின் ஆளாக வருகிறாரா, பெற்றோராக வருகிறாரா? சங்கத்துக்காரர் வரக் கூடாது என்பதில்லை. தோட்டக் காணியில் ஓர் அடி தேவைப்பட்டாலும் தோட்ட நிர்வாகத்தோடு பேச அவர் உதவி பெரிது. ஆனால் பாடசாலை வாசலில் கொடியை விட்டுவிட்டு உள்ளே வரத் தெரிய வேண்டும்.

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா? இது எல்லாவற்றிலும் பெரிய தகுதி.

சங்கத்தின் பணம் ஓர் அமானிதம். லயத்தில் ஒரு தாய் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த நூறு ரூபாவும் அதில் இருக்கிறது. அதற்குக் கணக்குக் கேட்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. கேட்டால்தான் நேர்மையானவர் தன் நேர்மையைக் காட்ட முடியும். வரவு, செலவு, மீதி என்ற மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

நீங்களே நின்றால் என்ன?

ஆம், உங்களைத்தான் கேட்கிறேன்!

"நானா? வீட்டு வேலைக்கே நேரமில்லை" என்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு எத்தனை ரூபா, எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு என்று ஒரு குடும்பத்தை ஓட்டுபவர் நீங்கள். பாடசாலையின் தேவை அதைவிடப் புரியாத ஒன்றல்ல.

தனியாக நிற்க வேண்டாம். கூட்டத்துக்கு முந்திய வாரம் நாலைந்து தாய்மார் ஒன்று சேருங்கள். ஒருவர் கடைத்தெருவில் இருந்து, இருவர் லயத்தில் இருந்து, ஒருவர் நாட்டுப்புறத்தில் இருந்து என்றால் மிக நல்லது. மஷூரா செய்யுங்கள். பாடசாலையில் உடனே சரிசெய்ய வேண்டியது எது என்று மூன்றே மூன்று விஷயங்களை எழுதுங்கள். யார் நிற்பது, யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். முன்வரிசைக்காரர் செய்வதும் இதைத்தானே?

உங்களை முன்மொழியும்போது எழுந்து, "என் மகள் ஏழாம் தரத்தில் படிக்கிறாள். நான் தண்ணீர், மலசலகூடம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, இந்த மூன்றுக்கும் உழைப்பேன்" என்று சொன்னால் போதும். நீண்ட பேச்சு வேண்டாம்.

வென்றால் மூன்றில் ஒன்றையாவது முடித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வழிகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இருந்த தடை 2018இல் திருத்தப்பட்டது. பாடசாலைக்குப் போகும் தோட்டப் பாதையைப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுதினால், "அது எங்கள் எல்லை இல்லை" என்ற பழைய பதிலை இனிச் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தில் அபிவிருத்திச் சங்கத்தின் முத்திரை இருந்தால் அதன் பாரமே வேறு.

தோற்றால்? ஒன்றும் குறையாது. ஒரு தாய் எழுந்து நின்றதைப் பின்வரிசை முழுவதும் பார்த்திருக்கும். அடுத்த வருடம் இருவர் எழுந்து நிற்பார்கள். உங்கள் மகளும் அதைக் கேள்விப்பட்டிருப்பாள். "உம்மா இன்னைக்கு மீட்டிங்ல பேசினாங்களாம்" என்று அவள் தோழிகளிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

ஆகவே அடுத்த முறை அந்த மடித்த தாள் வரும்போது அரிசி வாளியின் மேல் வைத்துவிடாதீர்கள். திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். பக்கத்து லயத்துச் சகோதரிக்கும் சொல்லி அனுப்புங்கள். கூட்டத்தில் பின்வாங்கிலே இடம் இருந்தாலும், இரண்டு வரிசை முன்னால் போய் உட்காருங்கள்.

"ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று அதிபர் கேட்பார். இந்த முறை, இருக்கிறது என்று சொல்லுங்கள்.